ஒரு சோறும் ஒரு பானையும்

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பழமொழி. அடுப்பங்கரையில் இஃது உண்மையே. பானையில் உள்ளது ஒரே அரிசி. அதைச் சூழ்ந்திருப்பது ஒரே நீர். ஆகையால் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தே சோறு வெந்ததா என்று அறிந்துவிடலாம். தேர்தல் கருத்துக்கணிப்பும் இந்த நம்பிக்கையில் பிறந்ததே. சில ஆயிரம் பேரிடம் வினவிப் பல கோடி மக்களின் எண்ணத்தை அது உரைக்க முயல்கிறது. ஆனால் நாடு என்னும் பானையில் வேகும் அரிசி ஒருவகையன்று.

1936 ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் இதழ் 20 லட்சத்திற்கும் மேற்பட்டோரின் விடைகளைத் திரட்டியது. லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ஆனால் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களுள் 46 இல் வென்றார். தொலைபேசி, மகிழுந்து ஆகியவற்றை உடையோரின் பட்டியல்களிலிருந்தே அவ்விதழ் பெரும்பாலான முகவரிகளை எடுத்திருந்தது. வறுமை சூழ்ந்த அந்நாளில் அவை ஏழைகளிடம் இல்லை. மிகக் குறைந்த எண்ணிக்கையினரிடம் வினவிய ஜார்ஜ் காலப், ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்று சரியாகக் கூறினார். எத்தனை பேரிடம் கேட்டோம் என்பதைவிட எத்தகையோரிடம் கேட்டோம் என்பதே முதன்மையானது.

இந்தியாவிலும் கணிப்புகள் பலமுறை தவறியுள்ளன. 2004 இல் ஆளும் கூட்டணியே மீண்டும் வரும் என்று பெரும்பாலான கணிப்புகள் கூறின. மக்கள் ஆட்சியை மாற்றினர். 2024 இல் ஆளும் கூட்டணி 350 இடங்களுக்கு மேல் பெறும் எனப் பல கணிப்புகள் உரைத்தன. அது பெற்றவை 293 இடங்கள். கணிப்பை நம்பி ஜூன் 3 அன்று உயர்ந்த பங்குச்சந்தை, வாக்குகள் எண்ணப்பட்ட மறுநாளே ஏறத்தாழ 6 விழுக்காடு வீழ்ந்தது. கணிப்பின் பிழை எளிய மக்களின் சேமிப்பையும் தீண்டும் என்பதற்கு இது சான்று.

பிழைக்குக் காரணங்கள் உள. முறையாகத் தேர்ந்த 1000 பேரிடம் கேட்டாலும் ஏறத்தாழ 3 விழுக்காடு கூடவோ குறையவோ செய்யும். மும்முனைப் போட்டியில் வெற்றியை மாற்ற அதுவே போதும். வாக்கு விழுக்காட்டை இடங்களாக மாற்றுவதும் கடினம். 2015 இல் தில்லியில் ஆம் ஆத்மி கட்சி பெற்ற வாக்குகள் 54 விழுக்காடு. வென்ற இடங்களோ 70 இல் 67. இவற்றிற்கெல்லாம் மேலாக, முன்பின் அறியாத ஒருவர் வாசலில் நின்று வினவும்போது, அச்சத்தாலோ தயக்கத்தாலோ வாக்காளர் தம் மனத்தை மறைப்பதும் உண்டு. அது குற்றமன்று. இரகசிய வாக்கு என்பது அவர்தம் உரிமை.

அவ்வாறாயின் கருத்துக்கணிப்பே கூடாதா? அவ்வாறு கூறுவது பொருந்தாது. விலைவாசி, வேலைவாய்ப்பு, குடிநீர் ஆகியவற்றுள் மக்களை வாட்டுவது எது என்பதை நேர்மையான கணிப்பு வெளிப்படுத்தும். தலைவர்களின் முழக்கங்களுக்கு அஃது ஓர் உரைகல். தீங்கு விளைவது, கணிப்பைத் தீர்ப்பாகக் கொள்ளும்போதுதான். ‘நம் கட்சி எவ்வாறும் வெல்லும்’ என்று ஒருவரும், ‘எவ்வாறும் தோற்கும்’ என்று மற்றொருவரும் வாக்களிக்காமல் வீட்டிலிருந்தால், கணிப்பே தேர்தலை நடத்தியதாகிவிடும். இதனாலன்றோ, இறுதிக்கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரைமணி நேரம் ஆகும்வரை, வாக்களித்து வருவோரிடம் எடுக்கும் கணிப்பை வெளியிடச் சட்டம் தடை விதித்துள்ளது!

சட்டம் மட்டும் போதாது. எத்தனை பேரிடம், எங்கே, எப்போது, எம்மொழியில் கேட்டனர், அதற்குப் பொருள் வழங்கியவர் யார் என்பவற்றைக் கணிப்பாளர் ஒவ்வொருவரும் வெளியிடல் வேண்டும். இவற்றை மறைக்கும் கணிப்பை ஊடகங்கள் புறந்தள்ள வேண்டும். வாக்காளரும் கணிப்பைச் செய்தியாக மட்டும் படித்தல் வேண்டும். வேட்பாளரின் தகுதியையும் செயலையும் எண்ணியே வாக்களித்தல் வேண்டும். கணிப்பாளர் எடுத்துப் பார்ப்பது சில பருக்கைகளை மட்டுமே. பானையைத் திறக்கும் நாள், வாக்கு எண்ணும் நாளே.