பத்தே முக்கால் மணிப் பசி

மதியப் பசியைத் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் நன்றாக அறியும். 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியது நீதிக்கட்சிக் காலம். 1956இல் காமராஜர் மதிய உணவை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார், கருணாநிதி முட்டை சேர்த்தார். 2022இல் மு.க.ஸ்டாலின் ஆட்சியில் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. இலையில் எதைக் கூட்டலாம் என்பதில்தான் இங்கே கட்சிகளுக்குள் போட்டி.

இரண்டு வேளைக்கும் நடுவில் இன்னொரு பசி இருக்கிறது. பத்தே முக்காலுக்கு இன்டர்வெல் மணி அடிக்கும்போது வருவது. அதை மட்டும் ஐந்து ரூபாய் பாக்கெட்டிடம் ஒப்படைத்துவிட்டோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளோ, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இலேயே விதி போட்டுவிட்டது. ஐம்பத்தோராவது மீட்டரில் கடை போட யாருக்குத் தெரியாது?

அந்தக் கடையைப் பல ஊர்களில் நடத்துவது ஒரு பாட்டி. ஒரு காலத்தில் அவர் விற்றது கொய்யா, நெல்லிக்காய், அவித்த கடலை, பனங்கிழங்கு. இன்று அவர் தலைக்குமேல் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. விற்காத கொய்யா இரண்டு நாளில் கனிந்து அழுகும், நட்டம் அவருடையது. பாக்கெட் மாதக்கணக்கில் தாங்கும். அவரை விரட்டினால் பிள்ளைகள் அடுத்த தெருவில் வாங்குவார்கள். பாட்டியின் பிழைப்புதான் போகும்.

விரட்டுவதைவிட, நாளைக்கு இத்தனை பேருக்குச் சுண்டலும் கொய்யாவும் வேண்டும் என்று பள்ளியே அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்கலாம். மிஞ்சிப்போகும் என்ற பயம் நீங்கினால் அவர் கொய்யாவுக்குத் திரும்ப மாட்டேன் என்றா சொல்வார்?

சுண்டல் என்றால் இளக்காரம் வேண்டாம். கொண்டைக்கடலையில் புரதமும் இரும்புச்சத்தும் இருக்கின்றன. பயறுகளில் உள்ள இரும்பை உடம்பு எளிதில் ஏற்றுக்கொள்ளாது. வைட்டமின் சி உடனிருந்தால் கூடுதலாக ஏற்கும். கடற்கரையில் சுண்டலோடு மாங்காய் சேர்ப்பது நாக்குக்காகத்தான். ஆனால் சத்துக் கணக்கும் சரியாகத்தான் வருகிறது. மாங்காய் இல்லாத நாளில் ஒரு மூடி எலுமிச்சை போதும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் இரத்தசோகையோடு இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள்தான் இப்போது நம் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தனியார் பள்ளிகளின் கதை வேறு. 2025இல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் சர்க்கரைப் பலகை வைக்கச் சொன்னது. 300 மில்லி குளிர்பானத்தில் ஏறக்குறைய எட்டு டீஸ்பூன் சர்க்கரை என்பதைப் பிள்ளை பலகையில் படித்துத் தெரிந்துகொள்ளும். நல்லதுதான். ஆனால் பலகையைப் படித்துவிட்டு வகுப்புக்குள் வந்தால், யாருக்கோ பிறந்தநாள், கைநிறைய சாக்லேட். சரியான பதில் சொன்னால் டீச்சர் கொடுக்கும் பரிசும் சாக்லேட். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் வருஷத்துக்கு நாற்பது பிறந்தநாள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதிலும் வெல்லம் உண்டு. ஆனால் கூடவே கடலை இருக்கிறதே! பிறந்தநாளுக்கு அதைக் கொடுத்தால் கௌரவம் குறைந்துவிடுமா?

வீட்டில் ஸ்நாக்ஸ் டப்பாவை நிரப்புவது பெரும்பாலும் அம்மாதான். ஆறரை மணி அவசரத்தில் அந்தக் கைக்கு முதலில் அகப்படுவது க்ரீம் பிஸ்கட். அவருக்கு இன்னொரு அறிவுரை தேவையில்லை. ராத்திரி கடலையை ஊறப்போடும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதி பள்ளியினுடையது. அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாம் பேசி முடித்தபின் அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் இன்டர்வெல்லுக்கும் ஒதுக்குங்கள். அந்தக் கூட்டத்துக்குப் பாட்டியையும் கூப்பிடுங்கள்; எந்தப் பிள்ளை எதை விரும்பி வாங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.