சுகர் உள்ள வரன்!

மாப்பிள்ளைக்கு சுகர் என்று முதலிலேயே சொல்லிக் கல்யாணம் பேசிப் பாருங்கள். பெண் வீட்டார் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து விடுவார்கள். போன வருஷம் நான் பேசியது அதைவிடச் சிக்கலான சம்பந்தம். வரனுக்கு வயது சுமார் எட்டு. உத்தியோகம் கிடையாது. கு.க. ஆபரேஷன் ஆகிவிட்டது. தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. உடம்பெல்லாம் முடி, பின்னால் வால்.

பூனை சார், பூனை!

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களா. அதைக் காலி செய்துகொண்டு போனவர்கள் கட்டில், பீரோ, பூந்தொட்டி உட்பட எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினார்கள். பூனையை மட்டும் மறந்து விட்டார்கள். (மறந்து என்பது மரியாதைக்காக. வளர்த்த பிராணியைப் பசி, தாகத்தில் தவிக்கும்படி விட்டுப் போவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை என்று சட்டத்தில் எழுதி வைத்தார்கள். இரண்டு பேர் டீயும் வர்க்கியும் சாப்பிட்டால் அதற்கு மேல் ஆகும்!)

குன்னூரில் ரிடையரான டீச்சர் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்ததும் அவருடைய ஈஸிசேரில் ஏறி உட்கார்ந்தது, இறங்கவில்லை. அதனால் 'ஜமீன்தார்' என்று பெயர். ஜமீன்தார் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தார். குடித்ததையெல்லாம் வீடு பூராவும் விநியோகித்தார். நன்றாகத் தின்றும் இளைத்துக்கொண்டே போனார். பின்னங்கால்கள் துவண்டு, குதிகாலைத் தரையில் பதித்து நடக்க ஆரம்பித்ததும் டாக்டரிடம் தூக்கிப் போனார்கள். சுகர்.

"பூனைக்கு சுகரா? ஏன், ஜிலேபியா திங்குது?" என்று கேட்காத ஆளே கிடையாது. ஜிலேபி வேண்டாம், உட்கார்ந்து தின்று கொழுத்தாலே போதும். நடுத்தர வயசைத் தாண்டிய, குண்டான, ஆபரேஷன் ஆன ஆண் பூனைகளுக்குத்தான் இது அதிகம் வரும். ஆபீஸ் நாற்காலியில் இருந்தபடி இதைப் படிக்கிற அன்பர்கள் (ஆபரேஷன் நீங்கலாக) இங்கே ஒரு நிமிஷம் எழுந்து நின்றால் நல்லது.

பூனையின் சுகர் இன்னொரு விதத்திலும் நம்முடையது மாதிரியே. பயந்தால் ஏறும். மலை ரோட்டு வளைவுகளில் கூடையில் ஆடி ஆடி ஆஸ்பத்திரிக்குப் போன பூனை, அங்கே நாயையும் பார்த்துவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை தானாகவே எகிறிவிடும். அதனால் வீட்டிலேயே, காது ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பது உத்தமம். டீச்சர் அதையும் கற்றுக்கொண்டார். பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம் ஊசி. ஆக, வருஷத்துக்கு 730 ஊசி.

அப்போதுதான் டீச்சருக்கு முட்டி ஆபரேஷன், கோயமுத்தூரில், மூன்று வாரத்தில் என்று தேதி குறித்துவிட்டார்கள். பிறகு மாசக்கணக்கில் மகள் வீட்டு வாசம். அந்த வீட்டில் பேத்திக்கு ஆஸ்துமா.

"எப்படியாச்சும் ஒரு இடம் பாருப்பா. ஊசி நின்னா அது செத்துடும்" என்றார். டீச்சர் கண்கலங்கி நான் பார்த்ததில்லை. கணக்கில் நான் சைபர் வாங்கியபோதுகூட அவருக்குக் கோபம்தான் வந்தது.

நீலகிரியில் பிராணிகளுக்கு நாதி இல்லாமல் இல்லை. 1954-ல் தொடங்கிய பிராணி நலச் சங்கம் கோத்தகிரியில் உண்டு. மசினகுடி பக்கம் மாவனல்லாவில் அடிபட்ட கழுதை, குதிரைகளுக்குப் புகலிடம் உண்டு. ஆனால் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இதுக்கு வேண்டியது ஆஸ்பத்திரி இல்லீங்க. ஒரு வீடு. கடிகாரம் ஓடற வீடு."

பெண் பார்க்கும் படலம் தொடங்கியது.

முதல் இடம், வெலிங்டனில் தங்கி லேப்டாப்பில் வேலை பார்க்கும் பெங்களூர் இளைஞர். ஜமீன்தாரை நாற்பது போட்டோ எடுத்தார். ஊசி என்றதும் "நெட்வொர்க் சரியில்லை ப்ரோ" என்றார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது, பேக்கரிக்காரர். "எலி புடிக்குமா?" என்றார். பிடிக்காது என்றேன். "பரவால்ல, பாலும் ரொட்டியும் போட்டு வளர்த்துக்கறேன்." இந்த வியாதிக்கு மாவுச்சத்து ஆகாது, கறியும் மீனும்தான் சாப்பாடு. ரொட்டிக் கடையில் சுகர் நோயாளியைக் குடிவைப்பது சாராயக் கடையில் குடிகாரனைக் காவலுக்கு வைக்கிற மாதிரி.

மூன்றாவது, ஊட்டிக்காரர். இன்சுலினை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்றதும் சிரித்தார். "ஊட்டியில ஃப்ரிட்ஜா? ஜனவரியில ஜன்னல்ல வெச்சா போதும் சார்!" அதுதான் வம்பு. இன்சுலின் உறைந்தால் வீண். உறைபனி கொட்டும் ராத்திரியில் ஃப்ரிட்ஜ் இருப்பது மருந்தைக் குளிரிலிருந்து காப்பாற்ற!

நான்காவது அம்மாளுக்குக் கடி பயம். குன்னூரில் அது நியாயமான பயம். வெறிநாய்க்கடிக்கு மருந்து என்றால் தென்னிந்தியாவே திரும்பிப் பார்த்த பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-லிருந்து இங்கேதான் இருக்கிறது. தடுப்பூசி போட்ட சீட்டைக் காட்டினேன். சீட்டை நம்பினார், பூனையை நம்பவில்லை. ஐந்தாவது வீட்டில் எல்லாம் சரி, ஆனால் ராத்திரி சிறுத்தை வந்து போகிற தோட்டம். பூனைக்கு இன்சுலினும் சிறுத்தைக்கு டின்னரும் ஒரே வீட்டில் கொடுக்க முடியாது.

மீதி நாலு நாள்.

ஆறாவது இடம் தானாக வந்தது. அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ரிடையரான பெரியவர். 1903-லிருந்து வெடிமருந்து செய்கிற இடம். அங்கே அசட்டையாக இருந்தவர்கள் ரிடையராக மாட்டார்கள்.

"தம்பி, எனக்குப் பூனை புடிக்காதுங்க" என்று ஆரம்பித்தார்.

"அப்புறம் ஏன் சார்...?"

"காலைல ஏழு, சாயங்காலம் ஏழுன்னு சொன்னாங்க. எனக்கு ரிடையர்மென்ட்டுக்கு அப்புறம் ஏழு மணிக்கு வேலையே இல்லீங்க."

பூனைப் பிரியர் வேண்டும் என்று ஊர் பூராவும் அலைந்தேனே, அது வேறு டிபார்ட்மென்ட். பிரியமுள்ளவர்கள் அஞ்சு பேரும் கொஞ்சிவிட்டுப் போய்விட்டார்கள். நோயாளிப் பூனைக்கு வேண்டியவர் நேரம் தவறாதவர். பிரியம் பின்னால் வரும். வராவிட்டாலும் ஊசி வந்துவிடும்.

சுவரில் சார்ட் ஒட்டினார். தேதி, நேரம், எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை யூனிட், கையெழுத்து. ஊசிக்குழாய் அளவும் மருந்து பாட்டில் அளவும் பொருந்துகிறதா என்று மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். ஜமீன்தார் என்று கூப்பிடவில்லை. "கேஸ்" என்றார். "கேஸ் சாப்பிட்டாச்சுங்க."

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி போன் வந்தது. ஊசி போட்டபின் சாப்பிட்டதைக் கேஸ் வாந்தி எடுத்துவிட்டது, தள்ளாடி விழுந்தது. சர்க்கரை இறங்கிவிட்டால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. பெரியவரின் மனைவி விரலில் தேனைத் தொட்டு ஈறில் தடவ, இவர் டாக்டர் வீட்டுக்குக் கூடையோடு ஓடியிருக்கிறார். பிழைத்துவிட்டது என்று சொல்லத்தான் எனக்குப் போன். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "பனி ஜாஸ்திங்க, மூக்கு ஒழுகுது" என்றார்.

சில பூனைகளுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. சீக்கிரமே இன்சுலின் தொடங்கி, சாப்பாட்டையும் மாற்றினால், சில மாதங்களில் ஊசியே தேவைப்படாமல் போகலாம். எல்லாப் பூனைக்கும் அல்ல. திரும்பி வரவும் செய்யும். சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தாவது மாதம் டாக்டர் சார்ட்டையெல்லாம் புரட்டிப் பார்த்து, டோஸைப் படிப்படியாகக் குறைத்து, "இனி ஊசி வேண்டாம்" என்றார்.

டீச்சர் கோயமுத்தூரிலிருந்து போனிலேயே அழுதார். நான் ஸ்வீட் வாங்கிக்கொண்டு (கேஸுக்குத் தெரியாமல்) அருவங்காட்டுக்குப் போனேன். பெரியவர் முகம் ரிடையரான அன்றைக்கு எப்படி இருந்திருக்குமோ, அப்படி இருந்தது. மடியில் ஜமீன்தார்.

"சந்தோஷம்தானுங்க தம்பி" என்றார். "ஆனா, காலைல ஏழு மணிக்கு இனி நான் என்னங்க பண்றது?"