படை நடத்துவோன்

இணையவழி விளையாட்டென்றால் ஒழுங்கற்ற கூச்சலென்றே நாமும் எண்ணியிருந்தோம். 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வேர்ள்ட் ஒவ் வோர்கிராவ்ட்’ என்னும் அமெரிக்க விளையாட்டின் நடைமுறையை அறிந்தபின் அவ்வெண்ணம் மாறிற்று. அதன் தொடக்க காலத்தில் ‘மோல்டன் கோர்’ என்னும் குகைக்குள் 40 பேர் வரை ஒருங்கே புகுவர். அடி தாங்குவோர், காயம் ஆற்றுவோர், தாக்குவோர் எனத் தொழில் வகுக்கப்பட்டிருக்கும். போர்வேளையில் படை நடத்துவோன் குரலே ஒலிக்கவேண்டும். ஏனையோர் வீண்பேச்சு நிறுத்துதலே மரியாதை. அவன் கல்லூரி மாணவனாயிருக்கலாம். பணிவோருள் அவன் தந்தையையொத்த வயதினரும் இருக்கலாம். வயதுக்கு மரியாதை செய்து பழகிய எமக்கு இது சற்றே உறுத்தத்தான் செய்கிறது!

ஆயினும் தலைவனுக்குரிய சோதனை வெற்றிக்குப் பின்னரே வருகின்றது. அத்தனை பேர் கூடி வீழ்த்திய அரக்கன் விட்டுச்செல்வன சில பொருள்களே. யாருக்குக் கொடுப்பது? வருகைக்கும் உழைப்புக்கும் புள்ளியிட்டு, அப்புள்ளிகளைக் கொண்டே பொருளைப் பெறும் முறையைப் பல குழுக்கள் கைக்கொண்டன. 1999இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ விளையாட்டினரிடையே பிறந்த வழக்கம் அது. அதனை மீறித் தலைவன் தன் நண்பனுக்கு வாளொன்றை ஈந்தானாயின், அடுத்த படையெடுப்புக்கு ஆள் சேர்வது அரிது. விரும்பாதவனை அவன் விலக்கலாம். அவனை விட்டு விலகுவதும் எவருக்கும் எளிது.

எமது வகுப்பறையிலிருந்தும் அவ்வாறு எழுந்துபோக மாணவருக்கு இடமிருப்பின், எத்தனை பேர் எஞ்சுவரோ?