மரமேறிகளின் உயிர்க்கயிறு: திருக்கோவிலூர் வட்டாரக் கோரிக்கைச் சாசனம்

கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியருக்கும், தமிழ்நாடு பனைமரத் தொழிலாளர் நல வாரியத்துக்கும், தோட்டக்கலைத் துறைக்கும், வனத்துறைக்கும்:

தென்பெண்ணைக் கரையிலும் ஏரிக்கரைகளிலும் பனையேறும் நாங்களும், கல்வராயன் மலையில் தேனுக்கும் கடுக்காய்க்கும் புளிக்கும் மரமேறும் மலையாளிப் பழங்குடி மக்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

தை பிறந்தால் பாளை சீவும் காலம். சீவாத பாளை சுரக்காது என்பதால் ஒரு மரத்தில் நாளுக்கு இரண்டு தடவையாவது ஏறியாக வேண்டும். பத்து மரம் வைத்திருப்பவர் இருபது முறை அறுபது, எழுபது அடி உயரம் போய் வருகிறார். காலில் தளை, இடுப்பில் பாளை அரிவாளும் பெட்டியும். மற்றபடி கையை நம்பித்தான் ஏற்றம். தண்டில் ஏறும்போதுகூட அவ்வளவு பயமில்லை. தண்டை விட்டுவிட்டு மட்டையைப் பிடித்து உச்சிக்குள் புகும் இடம்தான் கண்டம். காய்ந்த மட்டை பிடித்த கையோடு வந்துவிடும். மேலே குளவி கூடு கட்டியிருந்தால் கையை எடுத்து முகத்தை மறைக்கவும் முடியாது.

எங்கள் முதல் கோரிக்கை, பனைக்கு ஏற்ற பாதுகாப்பு பெல்ட். கட்டட வேலைக்கான பெல்ட்டில் கொக்கி முதுகுப் பக்கம் இருக்கும். தலைக்கு மேலே மாட்ட ஏதாவது இருந்தால்தான் அது உதவும். பனையில் தலைக்கு மேலே கருக்கு மட்டைதான் இருக்கிறது. அதன் விளிம்பு ரம்பம் போல நாடாவை அறுக்கும். கேரளத்தில் கண்ணூர் பக்கம் செம்பேரியில் தென்னைக்கென்று செய்த மிதிகருவி நல்ல கருவிதான். ஆனால் அடி பருத்து, சொரசொரத்து நிற்கும் பனைக்கு அதை அப்படியே மாட்ட முடியாது. எங்களுக்கு வேண்டியது, தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட்டும், தண்டைச் சுற்றிப் போட இரண்டு கயிறும். உச்சிக்குள் போகும்போது ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். வெறும் இடுப்பு பெல்ட் போதாது. விழுந்த வேகத்தில் அதுவே வயிற்றையும் முதுகெலும்பையும் நொறுக்கும். வாங்கும் பெல்ட் ஐ.எஸ். 3521 தரத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும். பனையேறும் கருவி கண்டுபிடிப்போருக்கு விருது என்று அரசு அறிவித்ததை வரவேற்கிறோம். கருவி வரும்வரை கயிறாவது வரட்டும்.

பெல்ட் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவதோடு வேலை முடிந்துவிடாது. பதநீருக்காகக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம். அந்தக் கையால்தான் பெல்ட்டையும் தொடுகிறோம். பாலியெஸ்டர் நாடாவைச் சுண்ணாம்பின் காரம் மெல்ல அரிக்கும். மேலுக்கு ஒன்றும் தெரியாது. நாடாவை விரல்மேல் வளைத்துப் பார்த்தால்தான் நூல் வெளுத்து, பஞ்சு பஞ்சாய்ப் பிரிந்திருப்பது தெரியும். வெயிலும் நூலை நைய வைக்கும். அரிவாள் பட்ட சிறு கீறல் போதும், பாரம் விழும்போது அங்கேதான் கிழியும். கொக்கியின் நாக்கு தானாகத் திரும்பி மூடுகிறதா, தையல் எங்காவது விட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன் பார்க்க நாங்கள் கற்றுக்கொள்கிறோம், கற்றுத் தாருங்கள். ஆனால் முழுப் பொறுப்பையும் ஏறுகிறவர் தலையில் கட்டக் கூடாது. தை மாதத்துக்கு முன் ஒருமுறை, நுங்குக் காலத்துக்கு முன் ஒருமுறை, பயிற்சி பெற்ற ஒருவர் ஊருக்கே வந்து ஒவ்வொரு பெல்ட்டையும் சோதித்துத் தேதியிட்ட முத்திரை போட வேண்டும். தேறாத பெல்ட்டை வாங்கிக்கொண்டு, அன்றே, அதே இடத்தில், காசில்லாமல் புதியது தர வேண்டும். மனு எழுதிக் காத்திரு என்றால் நைந்த பெல்ட்டை யாரும் வெளியே காட்டமாட்டார்கள்.

அமெரிக்காவில் மரத்தில் பரண் போட்டு மான் வேட்டையாடுவோர் உண்டு. அங்கே பரணோடு முழு உடல் பெல்ட்டும் சேர்த்துத் தருவது வழக்கம். இத்தனை ஆண்டுக்குப் பிறகு இதை அணியாதே, ஒருமுறை விழுந்து தாங்கிய பெல்ட்டைத் திரும்பப் போடாதே என்று தயாரிப்பாளர்களே எழுதித் தருகிறார்கள். பொழுதுபோக்குக்கு ஏறுகிறவருக்கு இருக்கும் இந்த ஒழுங்கு, வயிற்றுப்பாட்டுக்கு ஏறுகிறவருக்கு ஏன் இல்லை?

பெல்ட் தாங்கினாலும் ஆள் அந்தரத்தில் தொங்குவார். அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி, நிமிடக் கணக்கில் உயிருக்கு ஆபத்து வரும். எனவே ஊருக்கு இரண்டு பேருக்காவது இறக்கும் பயிற்சியும் கயிறும் வேண்டும். விழுந்தவரை இன்றைக்குக் கை கால் பிடித்துத் தூக்கி, டூவீலரில் இருவருக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோகிறோம். பாசத்தில்தான் செய்கிறோம், அதிலேயே தண்டுவடம் அறுந்துபோகலாம். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு தூக்குப்பலகை இருக்கட்டும்.

அடுத்தது நிவாரணம். கள்ளுக்கு 1987 முதல் தடை. மரத்திலிருந்து விழுந்தவரிடம் முதல் கேள்வியே என்ன இறக்கினாய் என்பதாக இருக்கிறது. வழக்குக்குப் பயந்து வீட்டார் விபத்தையே மறைக்கிறார்கள், கூரையிலிருந்து விழுந்ததாகச் சொல்கிறார்கள். கேரளத்தில் கள்ளுத் தொழிலாளருக்கு 1969இலேயே நலநிதிச் சட்டம் வந்துவிட்டது. கள் வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் தனியே நடக்கட்டும். கலயத்தில் என்ன இருந்தது என்று பாராமல், உடைந்த எலும்புக்குச் சிகிச்சையும் நிவாரணமும் கிடைக்க வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா திட்டத்தில் தென்னையேறுவோருக்கு 7 லட்சம் ரூபாய் வரை விபத்துக் காப்பீடு உண்டு. பனையேறிக்கும் அதற்குக் குறையாத காப்பீடு வேண்டும். நல வாரியப் பதிவு 60 வயதோடு நிற்கிறது. அதைத் தாண்டியும் ஏறுகிறவர்கள் எங்களில் பலர். விபத்து உதவிக்காவது அந்த வரம்பைத் தளர்த்துங்கள்.

மலையில் நிலைமை வேறு. தேனெடுப்பும் கடுக்காய் பறிப்பும் 2006 வன உரிமைச் சட்டம் ஒப்புக்கொண்ட உரிமைகள். 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைப் பரணுக்கு இன்று இடமில்லை. மரவள்ளிக் கொல்லையில் பன்றிக்குக் காவல் இருக்கும் பரண் இன்னும் இருக்கிறது. ராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் அதிலிருந்து விழுகிறவர்களும் மரமேறிகள் கணக்கில் வர வேண்டும். அவர்களுக்கும் பெல்ட், அவர்களுக்கும் சோதனை.

அடுத்த தைக்கு முன் திருக்கோவிலூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் கூட்டம் ஒன்றைக் கூட்டுங்கள். பெல்ட்டுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே அது நடக்க வேண்டும். எங்கள் தரப்பில் ஏறுகிறவர்களே வருவார்கள். வாங்கப்போகும் பெல்ட்டின் மாதிரியைக் கொண்டுவாருங்கள். அன்றைக்கே ஒரு பனையில் ஏறிச் சோதித்து, எது தேறும், எது தேறாது என்று சொல்லிவிடுகிறோம்.