வெட்டவெளிக்கும் வாடகை உண்டு



துல்கஃதா மாதத்தில் ஏர்வாடிச் சந்தனக்கூடு நெருங்கும்போது, பல ஊர்களிலிருந்தும் வேன்கள் வந்து சேர்வதை நம்மவர்கள் அறிவர். அடுப்பும் தேக்சாவும் பாயும் தலையணையும் ஏறிவிட்டால் அவ்வண்டியே வீடாகிவிடுகிறது. விடுதி தேடுவதில்லை, வாடகை கொடுப்பதில்லை. ஒரு பனைமரத்தடியோ வெட்டவெளியோ போதும். குடும்பத்தோடு வானத்தின் கீழ் உண்டு உறங்கும் அந்த எளிமை உண்மையிலேயே ஓர் அருட்கொடைதான்.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பாலைவனங்களில், படுக்கையும் சமையலறையும் கொண்ட வண்டிகளில் வருவோர் அரசின் பொது நிலத்தில் கட்டணமின்றித் தங்குகின்றனர். பெரும்பாலான இடங்களில் 28 நாட்களுக்குள் 14 நாட்கள் வரை தங்கலாம். அங்கே குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, குப்பைத்தொட்டியும் இல்லை. தண்ணீரைத் தாமே கொண்டு வரவேண்டும். குப்பையையும் கழிவையும் தாமே எடுத்துச் செல்லவேண்டும். இலவசம் என்பதற்கு அங்கே அதுவே பொருள்.

நாம் அப்பொருளை உணர்ந்திருக்கிறோமா? என் குடும்பமே உணராதிருந்த ஒரு நாளை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு, 2017-இல் புதிய சாலை திறக்கப்பட்ட பின் நாங்கள் வேனில் சென்றிருந்தோம். அங்கே இரவில் தங்க அனுமதியில்லை. பகலுணவு முடிந்ததும், மணலில் தோண்டியிருந்த ஒரு சிறு குழியருகே தேக்சாவை வைத்துச் சோப்புத்தூள் போட்டுத் தேய்க்கலானார்கள் எங்கள் வீட்டுப் பெண்கள். குடத்தோடு வந்த மீனவப் பெண்மணி ஒருவர் சற்று நேரம் பார்த்து நின்றார். பின்பு என்னிடம், “பாய், இந்த ஊத்துத் தண்ணியத்தான் எங்க பிள்ளைக குடிக்குது” என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

கடலருகே நன்னீர் கிடைக்கும் காரணம் எளியது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. மேலாகத் தோண்டினால் குடிநீர். ஆழமாகத் தோண்டினால் உவர்நீர். ஆகவே மணலின்மேல் நாம் கொட்டும் சோப்புநீரும் கழிக்கும் மலஜலமும் சில அடி கீழே உள்ள ஒருவருடைய குடத்துக்கே போய்ச் சேருகின்றன. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தண்ணீருக்கு நடக்கும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இது சிறிய தவறன்று.

நீர்நிலையிலும் நடைபாதையிலும் மக்கள் இளைப்பாறும் நிழலிலும் மலஜலம் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடச் சொன்னார்கள்; காய்ந்த ஓலை உதிரும் பனந்தோப்பில் அடுப்பு மூட்டுவோர் இதை மறக்கலாகாது. பிரயாணிகள் இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகித் தங்குமாறும் பணித்தார்கள். இரவில் அது மற்ற உயிரினங்கள் நடமாடும் வழி என்பதே அதற்கு அவர்கள் கூறிய காரணம். நம் கடற்கரையில் தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைக்கும் அம்மணல் ஒரு வழியே. நம் விளக்கொளியும் நெருப்பும் அதன் குஞ்சுகளைக் கடலின் திசையை மறக்கச் செய்துவிடும்.

எனவே அடுத்த பிரயாணத்தில் சில ஏற்பாடுகள் செய்வோம். குடிக்கவும் ஒளுச் செய்யவும் கழுவவும் போதுமான தண்ணீரைக் கேன்களில் ஏற்றிக்கொள்வோம். எச்சில் பாத்திரங்களை வீடு வந்து கழுவுவோம். குப்பைக்கென இரண்டு சாக்குகளை எடுத்துச் சென்று, அவற்றை நிரப்பித் திரும்பக் கொண்டு வருவோம். கழிப்பறை உள்ள இடத்தைப் பார்த்தே வண்டியை நிறுத்துவோம். தங்கும் இடம் எவருடையது என்று கேட்டு, அனுமதி பெற்றே அடுப்பு மூட்டுவோம்.

தண்ணீர் கிடைக்காதபோது தூய மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்து தொழும் சமுதாயம் நாம். பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது. நம்மைத் தூய்மைப்படுத்தும் மண்ணை நாமே அசுத்தப்படுத்தலாமா? நமக்குப்பின் ஒரு பிரயாணி அதே இடத்தில் முஸல்லாவை விரிக்க வரக்கூடும். ஒரு தாய் அங்கே ஊற்றுத் தோண்டவும் வரக்கூடும். அவர்களுக்காக இடத்தைச் சுத்தமாக விட்டுச் செல்வதே வெட்டவெளிக்கு நாம் செலுத்தவேண்டிய வாடகை. அதைத் தவறாது செலுத்த வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.