ஏரியலுக்கு ஏற்ற இடம் எது?

2018 நவம்பர் 16. 'கஜா' புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் செல்போன் ஊமையானது.

இப்படிப்பட்ட வேளையில் கைகொடுப்பது எது? மீட்பு வண்டியில் இருக்கும் வயர்லெஸ்தான்!

வயர்லெசுக்கு வாயும் காதும் ஏரியல். அதைச் சிலர் வண்டியின் மூலையில் மாட்டுகிறார்கள். சிலர் பம்பரில் கட்டுகிறார்கள். கூரையில் ஓட்டை போட்டால் வண்டியின் அழகு கெட்டுவிடுமாம்!

இது சரியல்ல. கூரையின் நடுதான் ஏரியலுக்கு ஏற்ற இடம்.

காரணம் என்ன? கம்பி செய்வது பாதி வேலை. அடியில் உள்ள இரும்புத் தகடு செய்வது மீதி வேலை. நடுவில் நட்டால் நாலு பக்கமும் தகடு இருக்கும். பேச்சு எல்லாத் திசைக்கும் ஏறக்குறைய சமமாகப் போகும். மூலையில் நட்டால் ஒரு பக்கம் ஓங்கும், மறுபக்கம் மங்கும். உதவி செய்ய வேண்டியவர் அந்த மங்கிய பக்கத்தில் இருந்தால்?

நீளமான கம்பியும் தேவையில்லை. 145 மெகாஹெர்ட்சில் பேசும் கருவிக்கு அலையின் நீளம் சுமார் 2 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது அரை மீட்டர் கம்பி போதும்.

ஓட்டை போட மனம் வரவில்லையா? காந்தம் வைத்த ஏரியலை இரும்புக் கூரையின் நடுவில் ஒட்டலாம். அலுமினியக் கூரையில் அது ஒட்டாது.

ஓட்டை போட்டால், மழைநீர் இறங்காமல் ரப்பர் வளையம் போட்டு இறுக்குங்கள். அடிப்பாகம் தகட்டைத் தொடும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டுங்கள்.

வண்டியின் அழகு பெரிதா, ஆபத்தில் தவிப்பவரின் உயிர் பெரிதா? நீங்களே சொல்லுங்கள்!