தோட்டத் தொழிலும் கைத்தொழில் இணையமும்: தராசு யார் கையில்?

இயந்திரங்களில் உணரிகளைப் பொருத்தி, அவை தரும் அளவீடுகளை வலையமைப்பின் வழியே ஒன்றுதிரட்டி, கணினியின் துணையுடன் உற்பத்தியை நெறிப்படுத்தும் முறையே கைத்தொழில் இணையம் எனப்படுகின்றது. 2011 இல் ஜெர்மனியில் 'நான்காம் கைத்தொழிற் புரட்சி' என்றும், 2012 இல் ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்தால் 'கைத்தொழில் இணையம்' என்றும் முழங்கப்பட்ட இக்கருத்து, இன்று மலையகத்தையும் எட்டிப் பார்க்கின்றது. ஆட்பற்றாக்குறை, உற்பத்திச் செலவு, தரவீழ்ச்சி ஆகிய மூன்று நோய்க்கும் இதுவே மருந்து என்பாருமுளர். அம்மருந்து யாருக்கு என்பதே ஈண்டு எழும் வினா.

தொழிற்சாலைக்குள் இதன் பயனை மறுப்பதற்கில்லை. ஊவாத் தேயிலையின் தனி மணம், யூலை தொடக்கம் செப்ரெம்பர் வரை வீசும் வரண்ட காற்றின் கொடை. கொழுந்தை வாட்டுதல், உருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல் என்னும் படிகளில் வெப்பமோ ஈரப்பதனோ சிறிது பிசகினும் அம்மணம் கெடும். 1890 இல் லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கிய காலத்திலிருந்து ரீமேக்கரின் மூக்கும் விரலும் செய்துவந்த காவலை உணரி ஓயாது செய்யுமாயின், அது நன்றே.

ஆனால் அதே தொழில்நுட்பம் மலைச்சரிவுக்கு வரும்போது வேறு முகம் கொள்கின்றது. சில தோட்டங்களில் மின்னணுத் தராசு கொழுந்தை நிறுத்து, கணக்கை நேரே காரியாலயத்துக்கு அனுப்புகின்றது. இத்தராசு பொய் சொல்லாது என்பர். மெய்தான், ஆயின் கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிப்பதென அதற்குக் கட்டளையிடுபவன் மனிதனே. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபின், பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவு உயர்த்தப்பட்டது. அவ்வளவை எட்டாதவளுக்கு அரைப்பேர். கணக்கப்பிள்ளையின் பேனாவோடு வாதாடவேனும் முடிந்தது. கண்காணாத கணினியோடு எவள் வாதாடுவாள்? வெள்ளைத்துரை போனான், 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992 இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தராசு மட்டும் தொழிலாளியின் பக்கம் ஒருநாளும் திரும்பவில்லை.

தரவு பெருகினாலே நன்மை தானாக விளையும் என்பார்க்கு மீரியபெத்தை விடை சொல்லும். 2014 ஒக்ரோபர் 29 ஆந் திகதி கொஸ்லந்தையை அடுத்த அத்தோட்டத்தின் லயங்கள் மண்சரிவிற் புதையுண்டன. அந்நிலம் ஆபத்தானதென 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அறிவுக்கு அங்கே பஞ்சமில்லை. அவ்வறிவைக் கொண்டு தம் குடியிருப்பை மாற்றும் அதிகாரமே மக்களிடம் இருக்கவில்லை. வாட்டும் தொட்டியின் ஈரத்தை நொடிதோறும் அளக்க முனையும் முதலீடு, லயத்தின் மேலுள்ள சரிவின் ஈரத்தை அளக்கத் தயங்குமாயின், அது யாருடைய விஞ்ஞானம்?

இதனால் இயந்திரத்தையே எதிர்க்கவேண்டுமென்பது பொருளன்று. அது தோல்வியை முன்கூட்டியே ஏற்பதாகும். வேண்டுவது உரிமை. ஒவ்வொரு நிறுவையின்போதும் மொத்த எடை, கழிவு, நிகர எடை மூன்றும் தமிழிற் பொறித்த துண்டு தொழிலாளியின் கைக்கு வரவேண்டும். அப்பதிவுகளைப் பார்வையிடும் உரிமை தொழிற்சங்கங்களுக்குக் கூட்டு ஒப்பந்தத்தின் வழி உறுதிப்படவேண்டும். மழைமானியும் சரிவின் அசைவை உணரும் கருவியும் லயங்களுக்கு முதலில் வரவேண்டும். இவற்றைப் பழுதுபார்க்கும் தொழில், கொழும்புக் கடைகளை நோக்கிப் பெயரும் தோட்டத்து இளைஞருக்குப் பயிற்றப்படவேண்டும்.

பதுளையில் 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பாடமாகவே போதிக்கின்றது. அங்கும் பிற பல்கலைக்கழகங்களிலும் நிகழும் ஆய்வு, தொழிற்சாலை வாயிலோடு நின்றுவிடலாகாது. பெரட்டுக்களத்துக்கும் லயத்துக்கும் ஏறிச் செல்லவேண்டும். கொழுந்தை அளக்கக் கற்ற விஞ்ஞானம் நீதியையும் அளக்கக் கற்கும் நாளிலேயே கைத்தொழில் இணையம் மலையகத்துக்கு வளர்ச்சியாகும். அதுவரை அது பழைய கங்காணியின் புதிய கண்ணே.